பவுசர் என்னும் பெயர்

ஒருகொடவத்தைச் சந்தியில் சிறிது நேரம் நிற்போர்க்கு, கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியங்களை நாடிச் செல்லும் தாங்கி வண்டிகள் புதுமையல்ல. அவற்றைப் பவுசர் என்கிறோம். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழங்கும் இச்சொல் தமிழுமன்று, சிங்களமுமன்று. ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்துப் போட் வெயின் நகரில் வாழ்ந்தவர் சில்வானஸ் பவுசர். மண்ணெண்ணெயை அளந்து ஊற்றும் பம்பி ஒன்றை ஆக்கி, 1885ஆம் ஆண்டில் ஒரு கடைக்காரருக்கு விற்றார். மோட்டார் வண்டிகள் பெருகவே, 1905இல் பெற்றோலுக்கும் பம்பி அமைத்தார். அது நின்ற இடத்தில் நிற்பது, ஓடும் வண்டியன்று. அவுஸ்திரேலியாவில் இன்றும் பெற்றோல் நிலையத்துப் பம்பியே பவுசர் எனப்படுகிறது.

அப்பெயர் வண்டியில் ஏறியது எங்ஙனம்? விமானத் தளத்தில் பம்பியே விமானத்தை நாடிச் செல்லவேண்டியிருந்தது. ஆகவே, தாங்கியையும் பம்பியையும் சில்லுகளின்மேல் ஏற்றினர். பிரித்தானிய விமானப் படையினர் அதனையும் பவுசர் என்றே அழைத்தனர். அவற்றுட் சில தாமே ஓடுவன. சில இழுவை இயந்திரத்தின் பின்னே பூட்டப்படுவன. இவ்வாறு பூட்டப்படும் தாங்கியின் முன்புறம் நீண்ட தண்டும், அதன் நுனியில் இரும்பு வளையமும் இருக்கும். வளையத்தைக் கொழுக்கியில் மாட்டி, கழலாதவாறு ஆணி செருகுவர். காவலுக்குச் சங்கிலியும் உண்டு. வண்டி சட்டென நிற்கையில் உள்ளிருக்கும் திரவம் முன்னே பாய்ந்து, இழுக்கும் வண்டியையே தள்ளக்கூடும். அதனைத் தணிக்கவே தாங்கியினுள் தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன.

ஜெரிக்கான் என்பதும் போர் தந்த பெயரே. 1930களின் பிற்பகுதியில் ஜேர்மனியர் 20 லீற்றர் கொள்ளும் உறுதியான கலமொன்றை ஆக்கினர். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியரின் மெல்லிய தகரங்கள் ஒழுகிப் பெற்றோல் வீணாயிற்று. பகைவரின் கலமோ ஒழுகவில்லை. ஜேர்மனியரை 'ஜெரி' என்று இகழ்ந்த அதே படையினர், அவர்தம் கலத்தைப் போற்றி, அதுபோலவே செய்துகொண்டனர்.

எரிபொருளின்றிப் படை நகராது. ஆதலால் எண்ணெய்த் தாங்கிகள் பகைவரின் இலக்காகின்றன. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதை முதியோர் வாயிலாக அறிந்தோர் பலர். உள்நாட்டுப் போரின்போது, 1995 ஒக்டோபர் 20ஆம் நாள், கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்த் தாங்கிகள் தாக்குண்டு எரிந்தன, உயிர்களும் மாண்டன. பின்னர் 2022இல், போரில்லாத காலத்திலேயே, மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்று பவுசரின் வருகையை எதிர்நோக்கினர்.

இன்று வறண்ட ஊர்களில் உழவு இயந்திரத்தின் பின்னே தண்ணீர்ப் பவுசர் வருகிறது. தண்டும் வளையமும் கொழுக்கியும் அன்றையன போன்றனவே. போர் விமானத்துக்கு உணவூட்டிய வண்டியின் பெயரைச் சொல்லி, குடமேந்திய தாய்மார் அதன் வரவுக்காகக் காத்திருக்கின்றனர். கருவி ஒன்றே, அதனை எதற்குப் பூட்டுகிறோம் என்பதே நம் கையில் உள்ளது.