பத்துப் பிள்ளை சேரட்டும்

என் இடது கையின் மேல்பகுதியில் ஒரு தழும்பு இருக்கிறது. என் வயதுப் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. விட்டுச்சென்ற வடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா ஒரே கதையைச் சொல்வாள்.

"உனக்கு அந்த ஊசி போட மூணு தடவை நடந்தேன். முதல் தடவை நாலு பிள்ளைதான் வந்திருந்துச்சு. 'பத்துப் பிள்ளை சேரட்டும், அடுத்த வாரம் வாம்மா'ன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. ரெண்டாம் தடவை மருந்தே வரல. மூணாம் தடவைதான் போட்டாங்க."

அப்போது வண்டியூர் மதுரை மாநகராட்சிக்குள் வந்திருக்கவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். அம்மா களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவள். மூன்று நடை என்றால் மூன்று நாள் கூலி போயிற்று. ஆனால் கதையை முடிக்கும்போது அவளிடம் குறை எதுவும் இருக்காது. "காசா பணமா, ஓசி ஊசிதானே" என்பாள்.

அந்த ஓசிக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அரசு கொடுத்த பணம் கோப்புகளில் இருக்கிறது. அம்மா கொடுத்த மூன்று நாள் எந்தக் கோப்பிலும் இல்லை.

குப்பிக்குள் பத்து

இந்தியாவில் 1978இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1985இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக மாறியது. அன்றுமுதல் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை வாங்குவது ஒன்றிய அரசின் பொறுப்பு. டெண்டர் விடுவதும் விலை பேசுவதும் தில்லியில் நடக்கும். குப்பிகள் குளிர்பதன வண்டிகளில் மாநிலக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து மண்டலம், மாவட்டம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று இறங்கும். வழியெங்கும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்.

மாத்திரைகளுக்கும் மற்ற மருந்துகளுக்கும் தமிழ்நாட்டில் வேறு ஏற்பாடு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொண்டு அதில் வரவு வைத்துக்கொள்ளலாம். வெறிநாய்க்கடி ஊசியை வாங்குவதும் இந்தக் கழகம்தான். குழந்தைத் தடுப்பூசிக்கு அப்படியொரு பாஸ்புக் கிடையாது. எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், யாருக்கு எந்தத் தவணை பாக்கி என்ற பட்டியலை வைத்துத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலை வீடு வீடாக நடந்து எழுதுகிறவர் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் பகுதிக்கு ஒருவர். அந்தப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள்.

ஒரு குப்பியில் பத்து டோஸ் அடைத்து வாங்கினால், ஒரு டோஸ் வீதம் அடைத்து வாங்குவதைவிட விலை குறையும். குளிர்பெட்டியில் இடமும் மிஞ்சும். வாங்குகிறவருக்கு இது நியாயமான கணக்குதான். ஆனால் பி.சி.ஜி. தூளாக வரும். திரவம் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். தட்டம்மை ஊசிக்கும் இதே விதி. நான்கு பிள்ளைகளுக்காகக் குப்பியை உடைத்தால் ஆறு டோஸ் போய்விடும்.

போகட்டும் என்றுதான் அரசும் எழுதிவைத்திருக்கிறது. தேவையைக் கணக்கிடும் விதியிலேயே பி.சி.ஜி.யில் பாதிவரை வீணாகலாம், தட்டம்மையில் கால்பங்குவரை வீணாகலாம் என்று கூட்டித்தான் வாங்குகிறார்கள். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். அப்படியானால் பத்துப் பிள்ளை சேரட்டும் என்று சொன்னது யார்?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"விதிப்படி ஒரு பிள்ளைக்கும் உடைக்கலாம் டீச்சர். உடைச்சா மாசாந்தர மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும். எதுக்கு இத்தனை வேஸ்ட்டுன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. அந்தத் தாயை அடுத்த வாரம் வான்னு திருப்பி அனுப்பினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

மேலே திட்டத்தின் செலவாகச் சேர்க்கப்பட்ட வீண், கீழே வந்து சேரும்போது ஒரு செவிலியரின் குற்றமாகிவிடுகிறது. அவர் அந்தக் குற்றத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி, அதை இன்னொரு பெண்ணின் கூலி இழப்பாக மாற்றுவது. அந்த இழப்புக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கையிலிருந்து கைக்கு

இந்தக் கணக்கு 1985இல் தொடங்கியதல்ல. 1802 ஜூன் மாதம் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குப் பெரியம்மைத் தடுப்பு குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அது பலித்த உடல் அவளுடையது. அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை மற்றப் பிள்ளைகளுக்குக் குத்தினார்கள். அவர்கள் கையிலிருந்து இன்னும் பலருக்கு. அந்த ஆண்டே அது சென்னைக்கும் வந்துசேர்ந்தது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பிள்ளைகளின் கைதான் குப்பி.

ஊசி குத்திய எட்டாம் நாள், புண் பழுத்திருக்கும்போது, அதைக் கீறி நீரெடுப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இன்னொரு முறை நோகடிக்கத் தாய்மார்கள் சம்மதிக்கவில்லை. பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். அந்தக் கால அதிகாரிகள் இதை அறியாமை என்றும் மூடநம்பிக்கை என்றும் எழுதினார்கள். நீர் எடுக்கப்பட்டவை பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகளின், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் கைகள். அந்தத் தாய்மார்களின் மறுப்பில் இருந்த நியாயம் அந்த அறிக்கைகளில் இல்லை.

தமிழ் படித்தவர்களுக்குத் திராவிட மொழிக்குடும்பத்தை முதலில் அடையாளம் கண்டவராகத் தெரிந்த எல்லிஸும் இதில் வருகிறார். தடுப்பூசியை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக, தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதுபோல ஒரு கதையை எழுதினார். அம்மையை அம்மன் என்று கும்பிடும் மக்களிடம் அம்மன் வாயாலேயே சம்மதம் வாங்கும் உத்தி அது. மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அருகே வளர்ந்த எனக்கு அது புரிகிறது. பிள்ளைக்கு உடம்பில் முத்துப் போட்டால் 'அம்மா வந்திருக்கா' என்று வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை கண்விழித்துக் கிடந்தவர்கள் பெண்கள்தான். எல்லிஸ் சம்மதத்தைத் தெய்வத்திடம் கேட்டார். அந்தப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டதாக எங்கும் நான் படித்ததில்லை.

பிறகு கன்றுக்குட்டியின் உடலிலிருந்து நீரெடுக்கும் முறை வந்தது. 1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிலையம் அதற்கானது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம், 1948இல் கிண்டியிலேயே பி.சி.ஜி. ஆய்வகம். அரசே தயாரித்து அரசே கொடுத்த காலம் ஒன்று உருவானது. என் கையில் இருப்பது அந்தக் காலத்தின் வடு.

2008: நான்கு பிள்ளைகளுக்குப் பிறகு

2008 ஜனவரியில் ஒன்றிய அரசு கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றின் தயாரிப்பு உரிமங்களையும் நிறுத்திவைத்தது. நல்ல தயாரிப்பு நெறிகளின்படி அவை இல்லை என்பது காரணம். செப்பனிட்டுத் தொடர்வதற்குப் பதிலாக உற்பத்தியே நின்றது. கொள்முதல் தனியார் நிறுவனங்களை நோக்கித் திரும்பியது, பல இடங்களில் தட்டுப்பாடு வந்தது. எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பிறகு 2010இல்தான் தடை விலக்கப்பட்டது.

அதே 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்த வீடுகளின் துயரத்துக்கு எந்தக் கட்டுரையும் ஈடில்லை. அரசு அடுத்துச் செய்ததை மட்டும் இங்கே பார்க்கிறேன். கிராமங்களில் செவிலியர் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும் என்றானது.

பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதுவரை செவிலியர் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்த தூரத்தை இப்போது ஒவ்வொரு தாயும் கைப்பிள்ளையோடு நடந்தாள். பஸ் செலவு, கூலி இழப்பு, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அவள் பொறுப்பு. குப்பியின் விலை அரசு ஏட்டில் கூடவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு. 2015-16இல் 69.7. இந்தச் சரிவுக்கு அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. பின்னர் ஊருக்குள் ஊசி போடுவது மீண்டும் தொடங்கியது. 2019-21 ஆய்வில் அளவு 89.2 விழுக்காடு.

2021: ஒரே ஊசி, மூன்று விலை

வாங்குவது யார் என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் புரிந்தது கொரோனாவில். 2021 மே 1 முதல் ஒன்றிய அரசு உற்பத்தியில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கட்டும் என்றது. கோவிஷீல்டு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலைகேட்டு வரவில்லை. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கட்டணம் என்பது முதல் பார்வைக்கே தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் மே 31 அன்று சொன்னது. ஜூன் 21 முதல் முக்கால் பங்கை ஒன்றிய அரசே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. மீதிக் கால்பங்கை வாங்கிய தனியார் மருத்துவமனைகள் ஊசி போடும் கட்டணமாக 150 ரூபாய்க்குமேல் வாங்கக் கூடாது என்றார்கள். அப்படியும் அங்கே ஒரு கோவிஷீல்டு 780 ரூபாய்.

மருந்தின் விலையையும் அதைப் போடும் உழைப்பின் கூலியையும் பிரித்துப் பார்க்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 1989-91இல் தட்டம்மை பரவிப் பல பிள்ளைகள் இறந்த பிறகு, 1994இல் ஒரு திட்டம் வந்தது. வசதியற்ற பிள்ளைகளுக்கான ஊசியை அரசே வாங்கித் தனியார் மருத்துவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும். மருத்துவர் மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது, போடுவதற்கு மட்டும் வரம்புக்குட்பட்ட கட்டணம் வாங்கலாம். அங்கே மருத்துவரின் உழைப்புக்கு ஒரு விலை எழுதினார்கள். பிள்ளையைக் கொண்டுவருகிறவளின் நேரத்துக்கு அங்கும் கட்டம் இல்லை.

இனி பதினான்கு வயதுக்காரிகள்

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட், பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் படிப்படியாகப் போடுவதற்காக 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான் வரவேற்கிறேன். நோய் முற்றிய பிறகே பெண்கள் மருத்துவமனைப் படியேறும் நாட்டில் இது பெரிய காரியம். ஆனால் அன்று ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தை மறக்கக் கூடாது. 2009இல் அங்கே இதே வகை ஊசி, நிறுவனம் நன்கொடையாகத் தந்த ஓசி ஊசி, பழங்குடிச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. இலவசம் என்றாலே கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் எல்லிஸ் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

எனவே நம் மாநிலம் வாங்கும் ஒவ்வொரு குப்பியோடும் மூன்று செலவுகளைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அந்தச் சிறுமியிடமும் அவள் தாயிடமும் உட்கார்ந்து பேசும் நேரம். கூலிக்குப் போகிறவள் வரக்கூடிய மாலை நேரத்தில் ஊசி போடும் ஏற்பாடு. ஒரு பிள்ளைக்காகக் குப்பியை உடைத்த செவிலியரை யாரும் நிற்கவைத்துக் கேள்வி கேட்காத ஒரு மீட்டிங்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, அக்கம்பக்கத்துப் பெண் ஒருவருக்குத் துணையாக நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். ரிங் ரோட்டுப் பக்கம் கட்டட வேலை செய்யும் வடமாநிலப் பெண் ஒருத்தி, ஆறேழு மாதப் பிள்ளையோடு நின்றாள். வீட்டில் பிறந்த பிள்ளை, பி.சி.ஜி. போட்டிருக்கவில்லை. அன்றைக்கு அந்த ஊசிக்கு வேறு பிள்ளை இல்லை. செவிலியருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் சிமெண்ட் படிந்த கால்களைப் பார்த்தார். பிறகு குப்பியை உடைத்தார். பிள்ளை வீறிட்டு அழுது ஓய்ந்ததும் பதிவேட்டை இழுத்துவைத்து எழுதினார்: போட்டது 1, வீணானது 9.