வாகனச் சீலண்ட்

தகடுகள் சேரும் மூட்டுகளிலும் கண்ணாடி விளிம்புகளிலும் நீர், தூசி, இரைச்சல் புகாமல் அடைக்கும் பசைப்பொருளே வாகனச் சீலண்ட். பாடி மூட்டுகளுக்குப் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிசால், கண்ணாடிக்குப் பாலியூரித்தேன், எஞ்சின் ஆயில் தொட்டிக்குச் சிலிகோன் என்று இடத்துக்கேற்பச் சரக்கு மாறும். ஆனால் உயர்ந்த சரக்கு வாங்கிவிட்டால் மட்டும் கசிவு நிற்பதில்லை. பரப்பின் சுத்தம், காற்றின் ஈரம், அடுப்பின் சூடு ஆகியவற்றில் எது பிசகினாலும் பலன் கெடும்.

முன்கண்ணாடியை ஒட்டும் ஒற்றைக்கூறு பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுகிறது. 23 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. குளிர்ந்து வறண்ட நாளில் இன்னும் தாமதமாகும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் நிலைமை தலைகீழ்: மேலே சீக்கிரம் ஆடை கட்டிவிடுவதால், கண்ணாடியைப் பொருத்தக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. ஆடை கட்டியபின் அழுத்திய கண்ணாடி பார்வைக்குச் சரியாக உட்கார்ந்திருக்கும், பிடிப்புதான் இருக்காது. பல கார்களில் பயணியின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் மோதித்தான் திரும்புகிறது என்பதால் இது வெறும் மழைநீர்ப் பிரச்சினை அல்ல. கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் பட்டையும் அழகுக்கு மட்டும் வைத்ததன்று. பசையைப் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பது அதுதான்.

பிளாஸ்டிசாலின் கதை வேறு. மின்பூச்சு முடிந்த பாடியில் இதைப் பூசி, பெயின்ட் அடுப்பில் சுட்டு இறுக வைப்பார்கள். சூடு போதாவிட்டால் வலுவிராது, மிஞ்சினால் பழுத்து நொறுங்கும். பூசிய பாடி அடுப்புக்குப் போகாமல் நெடுநேரம் நின்றால், உறிஞ்சிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் எழும்பும்.

பெயின்ட் கூடத்தில் சிலிகோனுக்கு இடமே இல்லை. ஒரு துளி பட்டாலும் பெயின்ட் ஒட்டாமல் விலகிக் குழி விழும். தொழிலாளர் பூசும் தலைக் கிரீமுக்குக்கூடப் பல ஆலைகளில் கட்டுப்பாடு உண்டு.

தகடுகளின் உலோகமும் கணக்கில் வரும். 100 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் எஃகு சுமார் 1.2 மில்லிமீட்டரும் அலுமினியம் 2.3 மில்லிமீட்டரும் நீளும். இரண்டும் சேரும் மூட்டில் சீலண்ட் மெலிந்திருந்தால் கிழிந்துவிடும்.

ஆலையை விட்டுப் புறப்படும் காரின் மேல் நீர் பீய்ச்சிக் கசிவு பார்ப்பார்கள். அது அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பல ஆண்டு உழைப்பை அறிய, மாதிரித் துண்டுகளை உப்புத் தெளிப்பிலும் வெப்ப-ஈரச் சுழற்சியிலும் தனியே சோதிக்கிறார்கள்.