குழாய்ப் பூச்சுப் பழுது ஆய்வு
புதைத்த எஃகுக் குழாயின் காப்புப் பூச்சு உரிந்த இடத்தைத் தோண்டாமலே கண்டறியும் முறை. முதலில் இடங்காட்டிக் கருவியால் குழாயின் தடமும் ஆழமும் குறிக்கப்படும். பின், அரிப்பைத் தடுக்கக் குழாய்க்குத் தரப்படும் எதிர்மின்வாய்க் காப்பு மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, செப்பு சல்ஃபேட் மின்வாய் பொருத்திய இரு கோல்களை ஊன்றியபடி ஆய்வாளர் நடப்பார். கோல்களுடன் இணைந்த மீட்டரின் முள் பழுதை நோக்கித் துடிக்கும்; கடந்ததும் திசை மாறும்.

எடுத்துக்காட்டாக, புணே நகருக்கு மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனம் குழாய்வழி எரிவாயு வழங்குகிறது. முளா ஆறும் மும்பை–புணே மின்ரயில் பாதையும் அருகமைந்த போபோடி போன்ற இடங்களில் ஈரமண் அரிப்பை விரைவுபடுத்தும். மின்பாதையின் தூண்டல் அளவீட்டைக் குழப்பக்கூடும். எனவே இங்கு ஐயத்துக்குரிய அளவீடுகளை மீண்டும் எடுத்துச் சரிபார்ப்பது இன்றியமையாதது. வீடுகளுக்குச் செல்லும் மஞ்சள் பாலிஎத்திலீன் குழாய்கள் அரிப்பதில்லை. அவற்றுக்கு இவ்வாய்வு தேவையில்லை.