இருளர் கூட்டுறவுச் சங்கமும் நம் தீவகமும்

நெடுந்தீவிலே அரவந் தீண்டப்பெற்றவரைச் சுமந்துவரும் படகை எதிர்நோக்கிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோர், காலத்தின் அருமையை நன்கறிவர். அவ்வுயிரைக் காக்கும் மருந்தின் வரலாறோ கடலுக்கப்பால், செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் தொல்குடியினராகிய இருளரிடம் தொடங்குகின்றது.

பாம்பின் தடமறிந்து பிடித்தல் இருளரின் வழிவழி வந்த கலை. தோல் வணிகர் அக்கலையை நெடுங்காலம் பயன்கொண்டனர். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த தடைகளும் அவ்வணிகத்தை முடித்தன, இருளர் பிழைப்பிழந்தனர். உரோமுலசு விற்றேக்கர் என்பாரின் துணையுடன் 1978இல் அவர்தம் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கினின்றும் நஞ்செடுத்துப் பின் அவற்றை உயிருடன் விடுவிப்பர். இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதியை இச்சங்கமே அளித்துவந்துள்ளது. இலங்கையும் அம்மருந்தையே நெடுங்காலமாக வருவித்துவருகின்றது.

இருளருள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பெற்றனர். 2023இல் பத்மசிறீ விருதும் பெற்றனர். ஏட்டுக் கல்வியன்று, கைவந்த அறிவே அவர்க்குத் தலைமை தந்தது.

எனினும், அரசு அனுமதிக்கும் அளவே அவர் பாம்பு பிடித்தல் கூடும். ஓரினப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கிடம் வேறுபடுமாதலின், இம்மருந்து நம் நாட்டுக்கு முற்றும் பொருந்துவதுமன்று. நாகபூசணியை வழிபடும் நாம், நம் மண்ணின் அரவறிவையும் அதனை உடையோரையும் போற்றுதல் கடனாம்.