பிராங்கோ வண்டியும் அதன் புகைக்குழாய்களும்

ஃபோர்டு நிறுவனம் 1966 மாடலாக அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த பிராங்கோ, முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும் விசை செல்லும் சிறிய வண்டி. அதில் முதலில் 170 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே இருந்தது. சில மாதங்களிலேயே 289 கன அங்குல வி-8 எஞ்சினும், 1969 மாடல் முதல் அதற்கு மாற்றாக 302 கன அங்குல வி-8 எஞ்சினும் வந்தன. முதல் தலைமுறை பிராங்கோவின் உற்பத்தி 1977 மாடலோடு நின்ற பின்னரும், அந்த வி-8 எஞ்சினை வலுப்படுத்தி ஓட்டும் வழக்கம் நிற்கவில்லை. அவ்வாறு மாற்றியமைப்போர் முதலில் கழற்றிய பாகங்களுள் ஒன்று, எரிந்த வாயுவை எஞ்சினிலிருந்து திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு.

ஒரு வரிசையிலுள்ள நான்கு சிலிண்டர்களின் வாயுவும் அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குறுகிய பொது அறை ஒன்றில் கலப்பதால், ஒன்றின் வாயு மற்றொன்றின் வெளியேற்றத்தைத் தடுக்கிறது. இதற்கு மாற்றான ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எஃகுக் குழாய் உண்டு. அந்த முதன்மைக் குழாய்கள் நான்கும் கலெக்டர் எனப்படும் அகன்ற குழாயில் சேர்கின்றன. வால்வு திறந்ததும் குழாயில் ஓடும் அழுத்த அலை, கலெக்டரின் விரிந்த வாயை அடையும்போது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நொடிப்பொழுதில் அது வந்து சேருமானால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடமளிக்கிறது. குழாய் நீண்டால் அலை தாமதமாகத் திரும்பிக் குறைந்த சுழற்சி வேகத்துக்கு உதவும், குறுகினால் மிகுந்த வேகத்துக்கு உதவும். குழாயின் விட்டத்துக்கும் இத்தகைய பங்கு உண்டு. ஒடுங்கிய குழாய் மெதுவாகச் சுழலும் எஞ்சினிலும் வாயுவின் வேகத்தைத் தக்கவைக்கிறது.

இந்த அறிவு வளர்ந்த இடம் மலைப்பாதை அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் நேர்கோட்டுப் பந்தயத் தடங்களிலும், எஞ்சினின் முழு வேகத்தில் கிடைக்கும் குதிரைத்திறன் ஒன்றையே அளவாகக் கொண்டவர்களின் கையில் ஹெடர் உருப்பெற்றது. பின்னர் பிராங்கோவிலும் இடம்பெற்ற அதே 289 கன அங்குல அளவுள்ள எஞ்சின், 1965இன் ஷெல்பி ஜி.டி. 350 காரில் ஹெடர், கார்புரேட்டர் உள்ளிட்ட சில மாற்றங்களால் 271 குதிரைத்திறனிலிருந்து 306க்கு உயர்த்தப்பட்டது. அதிலிருந்தது டிரை-ஒய் எனப்படும் வகை: நான்கு குழாய்கள் முதலில் இரண்டிரண்டாகவும், பிறகு அவ்விரண்டும் ஒன்றாகவும் சேரும். இவ்வகை வி-8 எஞ்சினில் ஒரே வரிசையின் இரு சிலிண்டர்கள், கிராங்க் ஷாஃப்ட் 90 பாகை மட்டுமே திரும்பும் இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. அவ்விரண்டையும் வெவ்வேறு இணையில் பிரித்துவைப்பதால் டிரை-ஒய் நடுத்தர வேகத்தில் நல்ல முறுக்குவிசையைத் தருகிறது. மெதுவாக ஊர்ந்து ஏறும் வண்டிக்கு இதுவே உகந்த வடிவம் என்பது தெளிவு. ஆயினும் பிராங்கோ உரிமையாளர் பலரை ஈர்த்தது வேறு.

மெக்சிகோவின் பாகா தீபகற்பத்தில் 1967இல் தொடங்கிய நெடும் பாலைவனப் பந்தயமே அந்த ஈர்ப்பின் ஊற்று. 1969இல் ராட் ஹாலும் லாரி மைனரும் நான்கு சக்கர இயக்கமுள்ள பிராங்கோவில் எல்லாப் பிரிவுகளையும் முந்தி வென்றனர். 1971, 1972 ஆகிய இரு ஆண்டுகளிலும் பார்னெல்லி ஜோன்ஸ், பில் ஸ்ட்ராப்பியுடன் ‘பிக் ஓலி’ என்ற வண்டியில் வென்றார். பிராங்கோவின் தோற்றம் கொண்ட பிக் ஓலி உண்மையில் குழாய்ச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது; அதில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை சென்றது. முன் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லாத, திறந்த வெளியில் மிகுவேகத்தில் ஓடும் அத்தகைய வண்டிக்குப் பொருந்திய அகன்ற குழாய்கள், பாறைமேல் ஊர்ந்து ஏறும் வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ணியது வருந்தத்தக்க பிழை. நிமிடத்துக்கு 1,000 முதல் 2,500 சுழற்சிகளுக்குள் உழைக்கும் எஞ்சினில் அகன்ற குழாய் வாயுவைச் சோம்பச் செய்து, மிக வேண்டிய இடத்தில் முறுக்குவிசையைக் குறைக்கிறது.

இடப்பற்றாக்குறை இதைவிடக் கடுமையானது. பிராங்கோவில் ஸ்டியரிங் பாக்ஸ், கிளட்ச் இணைப்புத் தண்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகிய மூன்றும் எஞ்சினின் இடப்பக்கத்திலேயே அமைந்துள்ளன. ஆகவே ஃபோர்டின் முஸ்டாங் காருக்கு வளைத்த ஹெடர் அதே எஞ்சினில் பொருந்தினாலும் அந்தச் சட்டத்தில் பொருந்தாது. 1973இல் விருப்பத் தேர்வாகத் தானியங்கி கியரும் பவர் ஸ்டியரிங்கும் வந்தபோது, முன்னது கிளட்ச் தண்டை அகற்றி ஓரளவு இடம் கொடுத்தது, பின்னது ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள இடத்தை நெருக்கியது. நீண்ட குழாய்களின் கலெக்டர் சட்டத்துக்குக் கீழே தொங்கினால் பாறையில் அடிபடும் முதற்பாகமாகவும் அதுவே ஆகும். அடிபட்டும் மீண்டும் மீண்டும் சூடேறியும் மெல்லிய குழாய் வெடிப்பதால், சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகும், கேஸ்கட் கசியாதபடி வளையாத தடித்த பட்டையும் விரும்பப்பட்டன. சூட்டை அடக்கக் குழாயின்மேல் துணிநாடா சுற்றும் வழக்கம், ஆற்றைக் கடந்துவரும் வண்டியில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது.

அதே 302 வி-8இன் பிந்தைய வடிவமான 1985 முஸ்டாங்கின் 5.0 லிட்டர் எஞ்சினுக்குத் தொழிற்சாலையே குட்டைக் குழாய் ஹெடரைப் பொருத்தியது. எரிபொருள் உட்செலுத்து முறையுள்ள அத்தகைய எஞ்சின்கள் பழைய பிராங்கோவில் ஏற்றப்பட்டபோது, தரையிலிருந்து உயரத்தைக் காக்கும் குட்டை ஹெடரும் உடன் பரவியது. எனினும் 1990களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வேறு கோணத்தில் நிற்பதால், வழக்கமான ஹெடரின் குழாய் பிளக் வயரைச் சுட்டெரிக்கும். அதற்கென வளைத்ததே தேவை. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரையுள்ள வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1976, 1977 மாடல் பிராங்கோக்களுக்கு அது இல்லை என்பதால், மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் எண் பெற்ற ஹெடரையோ, பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையோ மட்டுமே அவற்றின் உரிமையாளர் பொருத்த முடியும்.