தொழுநோயும் அவமான உணர்வும்: சமூகப் பணியாளரின் உதவி

தொழுநோய் முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. எனினும், பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற அவமான உணர்வால் பலர் உணர்ச்சியற்ற தேமலை மறைத்து வைக்கின்றனர். அக்காலத்தில் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை, கால், கண்களில் நிலையான ஊனம் ஏற்படலாம்.

அவமான உணர்வு என்றால் என்ன?

"தவறு செய்துவிட்டேன்" என வருந்துவது குற்றவுணர்வு. "நானே இழிவானவன்" என எண்ணுவது அவமான உணர்வு. முன்னதற்குத் திருத்தம் உண்டு. பின்னது ஒருவரை ஒளிந்து வாழச் செய்கிறது. தொழுநோயிலோ திருத்துவதற்குத் தவறே இல்லை. இது பாவத்தின் பயனன்று; ஹான்சன் என்னும் மருத்துவர் 1873-இல் கண்டறிந்த ஒரு கிருமியால் வருவது.

எவ்வாறு வெளிப்படும்?

• மருத்துவரிடம் தேமலைக் காட்டத் தயங்குதல்
• மாத்திரை அட்டையை மறைத்தல், தவணைகளைத் தவறவிடுதல்
• தனித் தட்டு, தனிப் பாய் எனத் தாமே ஒதுங்குதல்
• திருமணம் போன்ற நிகழ்வுகளைத் தவிர்த்தல்

சமூகப் பணியாளர் என்ன செய்வார்?

உங்களிடம் தனிமையில் பேசுவார். நீங்கள் கூறுவதைக் குறைகூறாமல் கேட்பார். உங்கள் அச்சங்களில் எது உண்மை, எது தவறான நம்பிக்கை எனப் பிரித்தறிய உதவுவார். வீட்டிற்கு வருவது உங்களுக்குச் சங்கடமெனில், வேறிடத்தில் சந்திக்குமாறு தயங்காமல் கேளுங்கள்.

உரிமைகளையும் அவர் விளக்குவார். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோர இடமளித்த பிரிவுகள், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இந்தியாவின் தனிநபர்ச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

• "யாரிடமும் சொல்லாதே" என்று அறிவுறுத்தாதீர்கள். பாதுகாக்கும் எண்ணத்தில் கூறினாலும், மறைக்கவேண்டிய இழிவு இது என்றே அவர் மனத்தில் பதியும். யாரிடம் கூறுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.
• உடன் அமர்ந்து உண்ணுங்கள். தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ இந்நோய் பரவுவதில்லை.
• நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எப்போது உதவி பெற வேண்டும்?

உணர்ச்சியற்ற தேமல் இருப்பின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகுங்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் நிறைவுறும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், காத்திராமல் 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணை எந்நேரமும் அழையுங்கள்.