குரங்கே இல்லாத ஊரில் குரங்குக்கு ஆகாத விஷம்

சிட்னிக்குப் படிக்க வர்ற நம்மாளுங்களுக்கு மொத வாரத்துலயே ஓர் அட்வைஸ் கிடைக்கும்: "ஷூவைத் தட்டிட்டுப் போடு". காரணம், ஃபனல்-வெப் எனும் கறுப்புச் சிலந்தி. மூணு வருஷத்துல நான் ஒண்ணைக்கூட நேர்ல பாத்ததில்லை (பாக்கவும் வேணாம் சாமி!). ஆனா அதோட வரலாறு இருக்கே, துப்பறியும் கதை தோத்துடும்.

1927-லிருந்து 1980 வரை இது கடிச்சு இறந்ததாகப் பதிவானவர்கள் 13 பேர். முதல் பலி ரெண்டு வயசுக் குழந்தை. எந்தச் சிலந்தி கடிச்சதுன்னு தெரிஞ்ச மரணங்கள்ல எல்லாம் குற்றவாளி ஆண் சிலந்திதான். மனுஷனையும் குரங்கையும் சாய்க்கிற இந்த விஷம் முயலையும் நாய், பூனையையும் பெருசா ஒண்ணும் பண்ணாது. விஷம் ஏறாத பிராணியில மருந்தை எப்படிச் சோதிக்கிறது? அதனால குரங்குகள் மாட்டிக்கிச்சு. மெல்போர்ன் காமன்வெல்த் சீரம் ஆய்வகத்துல ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 1980-ல விஷமுறிவு மருந்தைக் கொண்டு வந்தார். அது எதிலிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? ஆண் சிலந்தி விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தின அதே முயல்களோட ரத்தத்திலிருந்து! 1981-ல முதல் நோயாளி பிழைச்சார். அதுக்கப்புறம் இந்தச் சிலந்தியால சாவு பதிவாகலை.

சரி, கரப்பான் பூச்சியும் வண்டும் தின்கிற ஜீவனுக்கு குரங்கைக் கொல்ற விஷம் எதுக்கு? மனுஷன் வர்றதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல குரங்கினமே கிடையாதே! 2020-ல குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெண் சிலந்தி வளைக்குள்ளயே உக்காந்து பூச்சிக்குக் காத்திருக்கும். வயசுக்கு வந்த ஆணோ ஜோடி தேடி வெளியே அலையும். வேட்டை ரெண்டாம்பட்சம், தன்னைத் தின்ன வர்ற முதுகெலும்புப் பிராணிகளை விரட்டுறதுதான் அப்போ முக்கியம். அதுக்குத் தோதா விஷம் மாறிடுச்சு. நரம்போட சோடியம் வாயிலை மூட விடாம பிடிச்சுக்கிற அந்த நச்சு, மனுஷ நரம்புக்கும் பொருந்திப் போனது தற்செயல். நம்ம மேல அதுக்கு எந்தப் பகையும் இல்லை :-)

இரைக்குன்னு அது வச்சிருக்கிற ஆயுதம் வேற. நீலமலைப் பகுதியில இருக்கிற இதோட சொந்தக்காரச் சிலந்தியிடம், பூச்சி நரம்போட கால்சியம் வாயிலை அடைக்கிற நச்சை 1990-கள்ல பிரிச்செடுத்தாங்க. பாலூட்டிகளை அது சட்டை செய்யாது. அந்தக் குடும்பத்து நச்சை வச்சுத் தயாரிச்ச பூச்சிக்கொல்லிக்கு 2014-ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. பயிரைத் தின்கிற புழுக்களுக்கு எதிரா அதைத் தெளிக்கிறாங்க.